வேற்றுக்கிரகத்தில் 'ங்க' இல்லை

புதிதாக வசனம் எழுத வருகிறவர்கள் என்னைப் பார்க்க வந்தால், காபி ஆறுவதற்குள் பேச்சு என் பழைய தொலைக்காட்சித் தொடரில் வரும் அந்தத் தலைக்கவசத்தில் போய் நின்றுவிடும். "ஐந்தாவது வாரத்திலிருந்து தலைவரின் முகத்தையே காட்டாமல் மூடிவிட்டீர்களே, அதிகாரத்துக்கு முகம் கிடையாது என்று அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டீர்களே" என்பார்கள். ஒரு கருத்தரங்கில் ஒருவர் இதைப் பற்றிக் கட்டுரையே வாசித்தார். எனக்கு மாலையும் போட்டார்கள். மாலையைக் கழற்றி வைக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இனி நான் எழுதப்போவதில்லை. யாரும் எனக்கு வேலை தரப்போவதும் இல்லை. அதனால் உள்ளதைச் சொல்லிவிடலாம். அந்தத் தலைக்கவசம் என் யோசனை இல்லை. அதற்குள் இருக்க வேண்டிய மனிதர் வரவில்லை, அவ்வளவுதான். அவர் ஏன் வரவில்லை என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கேட்டு முடித்ததும் மனம் தேறும்படி இதில் ஒன்றும் கிடையாது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் பிற்பாதி. தொலைக்காட்சிக்கு வாரத் தொடர்களை வெளியாட்கள் எடுத்துத் தர ஆரம்பித்திருந்த நேரம். சென்னையிலிருந்து ஓர் இயக்குநர் சேலத்துக்கு வந்தார். சூரமங்கலத்தைத் தாண்டி வெள்ளைக்கல் வெட்டியெடுத்த பள்ளங்களைப் பார்த்தவர், "சார், இது பூமியே இல்லை" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வேற்றுக்கிரகம் கிடைத்துவிட்டது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் ஆட்கள் விண்கலம் கட்டித் தந்தார்கள். பழக்கதோஷத்தில் அதன் பின்பக்கம் இரண்டு கிளியும் ஒரு ரோஜாப்பூவும் வரைந்துவிட்டார்கள். அதை அழிக்கச் சொன்னபோது பெயிண்டருக்கு ரொம்ப வருத்தம்.

கதைக்குத்தான் ஆள் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன், நாடகங்களுக்கு வசனம் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ராக்கெட்டும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரே கிணற்றில் பங்கு வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளும், அவர்கள் முறைத் தண்ணிக்குப் போடும் சண்டையும்தான். அதையே வானத்துக்கு ஏற்றினேன். வறண்ட கிரகம், அதில் ஒரே ஒரு மதகு. முதல் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்குத் தண்ணீர் சொந்தம். பின் கப்பலில் வந்தவர்கள் அவர்களிடம் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். பின் கப்பல்காரர்களில் ஒருவன் மதகு திறந்து மூடும் கூலிக்காரன். அவன் நியாயம் கேட்கிறான், ஆட்கள் அவன் பின்னால் சேருகிறார்கள், தேர்தலில் ஜெயித்துத் தலைவனாகிறான். பிறகு மதகின் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொள்கிறான்.

நல்லவன் கெட்டவனாகும் கதை ஊருக்கு ஆயிரம் உண்டு. அந்த மாற்றம் பார்க்கிறவர்களுக்கு எந்த இடத்தில் உறைக்கும் என்பதுதான் கேள்வி. நான் அதை 'ங்க'வில் வைத்தேன்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ங்க' இல்லாமல் ஒரு வாக்கியம் வாசல் தாண்டாது. சமமானவர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வார்கள். ஆனால் நிலத்தில் வேலை செய்கிறவர் நிலத்துக்காரருக்குப் போடும் 'ங்க' வேறு. அது போகும், திரும்பி வராது. என் மதகுக்காரன் முதல் வாரத்தில் எல்லோருக்கும் 'ங்க' போடுவான், அவனுக்கு ஒருவரும் போடமாட்டார்கள். ஆறாவது வாரம், சபையில், முதல் கப்பல்காரர்களைப் பார்த்து முதன்முதலாக 'ங்க' இல்லாமல் பேசுவான். பார்க்கிறவர்கள் அங்கே கைதட்ட வேண்டும். ஒன்பதாவது வாரம், தண்ணீர் கேட்டு வரும் தன் ஆட்களிடமே 'ங்க' இல்லாமல் பேசுவான். தட்டிய கை அங்கே கூச வேண்டும். கடைசி வாரம் பதவி போய், தானே பூட்டிய மதகின் முன்னால் நிற்பான். அங்கே அவனுக்கு ஒரே ஒரு வரி: "நாந்தானுங்க. தண்ணி உடுங்க, சாமி." அந்த இரண்டு 'ங்க'வுக்காகத்தான் பதின்மூன்று வாரமும்.

மதகுக்காரனாக நடிக்க வந்தவர் செங்கோடன். நாமக்கல் போகும் வழியில் ஒரு கிராமம். பண்ணாடி என்று அங்கே சொல்லும் நிலத்துக்காரரின் பண்ணையில் கூலி வேலை, திருவிழாக்களில் நாடகம். நாடகத்தில் இருபது வருஷமாகச் சேவகன், காவல்காரன், இல்லாவிட்டால் பிணம் தூக்குகிறவன். அவர் ஆட்களுக்கு ராஜா வேஷம் கொடுக்கிற வழக்கம் அங்கே இல்லை. ஆள் எடுக்கும்போது வந்தவர்களிடம், "முதலாளியிடம் தண்ணீர் கேளுங்கள், பார்க்கலாம்" என்றோம். மற்றவர்கள் நெஞ்சை நிமிர்த்திக் கூரை அதிரக் கேட்டார்கள். இவர் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் அவர் காலடிக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்துக் கேட்டார். இயக்குநர் என் தொடையைக் கிள்ளினார்.

முதல் காட்சி எடுத்த அன்று இன்னொன்று நடந்தது. செங்கோடனுக்கு உடம்போடு ஒட்டிய வெள்ளி நிறச் சட்டை. முதல் கப்பல்காரரின் முன்னால் வந்து நின்றதும் அவர் கை தன்னால் தோளுக்குப் போனது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் போன கை. தோளில் துண்டு இல்லை. கை வெறுமனே கீழே இறங்கியது. "கட்" என்று இயக்குநர் வாயெடுப்பதற்குள், "ஐயா, கும்பிடறேன், இதை மட்டும் வெட்டிடாதீங்க" என்றேன். வெட்டவில்லை. அந்தத் தொடரில் நான் பெருமைப்படும் ஒரே இடம் அதுதான், அதுவும் நான் எழுதாதது.

அன்று டீ குடிக்கும்போது கடைசி வாரத்து வரியை அவரிடம் சொன்னேன். இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"இதுக்கு எம்பொண்டாட்டி அழுதுருவாளுங்க" என்றார். பிறகு, "எங்கூரு டிவிப் பொட்டி முன்னால பண்ணாடிமாரெல்லாம் நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. நாங்க கீழ உக்காந்து பாப்பம். மொதத் தடவையா மேல பாத்து என்னையக் காட்டுவாளுங்க" என்று சிரித்தார்.

நான்கு வாரத்துக்கானது எடுத்து முடித்துச் சென்னைக்குப் போனோம். நிலையத்தில் ஓர் அதிகாரி போட்டுப் பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நிறையப் படித்தவர், சமத்துவம் பேசுகிறவர். வந்த வினையே அதுதான்.

"கதை பிரமாதம். ஆனா இந்த ங்க, ங்க, ங்க. ஜனங்க காமெடின்னு நெனச்சு சிரிப்பாங்களே" என்றார். "அதோட, எத்தனையோ நூற்றாண்டு தாண்டி இன்னொரு கிரகத்துக்குப் போயும் ஒருத்தன் குனிஞ்சு கும்பிட்டுப் பேசணுமா? விஞ்ஞான யுகத்துல எல்லாரும் சமம். எல்லாரும் எல்லாரையும் நீன்னே பேசட்டும். நல்ல பொதுத்தமிழ்ல மாத்திக் குரல் குடுத்துடுங்க."

"சார், அவன் குனிந்து பேசுவதில்தான் கதையே இருக்கிறது. முதலில் குனிந்தால்தானே பிறகு நிமிர்ந்தது தெரியும்?"

"அதை முகத்துல காட்டட்டும். உங்க ஊர்ப் பேச்சு வேற்றுக்கிரகத்துக்கு எதுக்குங்க?"

"உங்க ஊர்ப் பேச்சு மட்டும் எதுக்குங்க?" என்றேன்.

சிரித்தார். இளகவில்லை. முதல் வாரத்துக்கு மட்டுமாவது விட்டுக்கொடுங்கள் என்றேன். அந்த ஒருவருக்கு மட்டும் என்றேன். பேச்சைக் குறைத்து அவரை ஊமையாக்கிவிடுகிறேன், 'ங்க' இல்லாமல் பேசவைக்க வேண்டாம் என்றேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்று எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும், ஒளிபரப்பு நேரம் யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சுத்தான் நிற்கும். இயக்குநர் நகையை அடகு வைத்துப் படம் எடுத்தவர். என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

குரல் கொடுக்கச் செங்கோடன் வந்தார். முதல் வாரத்து வசனம்: "தொட்டி காஞ்சு கெடக்குதுங்க, சாமி. கொழந்தைங்க நாக்கு வறண்டு போச்சுங்க. ஒரு முறைத் தண்ணி சேத்திக் குடுங்க. குடுத்தீங்கன்னா உங்க பேரைச் சொல்லிக் குடிப்பமுங்க." அது இப்போது, "தொட்டி காய்ந்து கிடக்கிறது. குழந்தைகளின் நாக்கு வறண்டுவிட்டது. ஒரு முறைத் தண்ணீர் சேர்த்துக் கொடு. கொடுத்தால் உன் பெயரைச் சொல்லிக் குடிப்போம்" என்று ஆகியிருந்தது.

அவர் திரையைப் பார்ப்பார், வாயைத் திறப்பார், 'கொடு' வரைக்கும் வருவார், அங்கே ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். பலமுறை முயன்றார். வியர்த்துக் கொட்டியது.

"ஆறாவது வாரத்துல சொல்லச் சொல்லுங்க, சொல்றனுங்க. நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொல்றனுங்க" என்றார் என்னிடம். "இங்க நான் குனிஞ்சு நிக்கறனுங்களே. குனிஞ்சு நின்னுக்கிட்டு 'கொடு'ன்னு எப்படிங்க சொல்றது?"

நடிப்பைப் பற்றி அதைவிட நல்ல பேச்சு நான் கேட்டதில்லை. ஆனால் கேட்டவன் நான் ஒருவன்தான். அன்றே வேறு ஒருவரை வரவழைத்தார்கள். வெண்கலக் குரல். ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் போனார். குனிந்த முதுகு செங்கோடனுடையது, "கொடு" என்ற அதட்டல் வேறொருவருடையது.

முதல் வாரம் ஒளிபரப்பான மறுநாள் வெள்ளைக்கல் பள்ளத்தில் ஐந்தாவது வாரத்துக்கான படப்பிடிப்பு. செங்கோடன் வரவில்லை. வெயில் ஏறி, கல் கண்ணைப் பறிக்க ஆரம்பித்த நேரத்தில் ஒரு பெண் பள்ளத்துச் சரிவில் இறங்கி வந்தார். செங்கோடனின் மனைவி பாவாயி. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருக்கிறார்.

"ஏனுங்க, கதை எழுதறவரு நீங்களுங்களா?" என்றார். "எங்க தொட்டிக்குத் தண்ணி உடறதில்லைன்னுட்டாங்க."

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. அவர்கள் குடியிருப்புக்கு வேறு தண்ணீர் கிடையாது. பண்ணாடி தோட்டத்து மோட்டார் ஓடும்போது ஒரு குழாயைத் திருப்பி வெளித்தொட்டியில் விடுவார்கள். அதைத்தான் அத்தனை வீடும் பிடித்துக் குடித்தது. அந்தக் குழாயை அடைத்துவிட்டார்கள்.

"பொட்டியில பாத்தமுங்க. மொதல்ல எல்லாருஞ் சிரிச்சுக்கிட்டுத்தான் பாத்தாங்க. இவரு அந்தப் பெரியவரு முன்னால நின்னு 'கொடு'ங்கறாரு, 'உன் பேரு'ங்கறாரு. அப்படியே அமந்து போச்சுங்க. பண்ணாடி எந்திரிச்சுப் போயிட்டாங்க. இவரு பின்னாலயே போயி அவங்க கால்ல உழுந்து, சாமி, அது வேற கெரகமுங்க, அந்தப் பெரியவரும் வெள்ளிச் சட்டை போட்டவருங்க, நம்மூரு ஆளில்லீங்கன்னு சொல்லிப் பாத்தாருங்க. 'எந்தச் சட்டை போட்டிருந்தா என்னடா? நாற்காலியில உக்காந்திருக்கறானில்ல'ன்னு கேட்டாங்களாமுங்க."

உட்கார்ந்து எழுதிய எனக்கும், போட்டுப் பார்த்த அதிகாரிக்கும் புரியாத கதை பண்ணாடிக்குப் புரிந்துவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை அன்று கண்ணால் பார்த்தேன். திரையில் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் பேசினார்கள். முதல் கப்பல்காரராக நடித்தவர் சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தனை பேருடைய சமத்துவத்துக்கும் ஒரே ஒரு குடியிருப்பின் குடங்கள் காய்ந்தன.

"போய்ச் சமாதானம் பேசி ஆளைக் கூட்டிட்டு வந்துடுங்க சார். உங்க பக்கத்து ஆளுங்கதானே" என்றார் இயக்குநர். உண்மைதான். அந்தப் பண்ணாடியும் நானும் ஒரே மாதிரி வீட்டில் பிறந்தவர்கள். அதனால்தான் பாவாயி என்னைத் தேடி வந்தார், அதனால்தான் நானும் போனேன்.

களத்து மேட்டில் வேப்பமரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி வந்தது, மோர் வந்தது. செங்கோடன் தள்ளி நின்றார். அவருக்கும் பின்னால் குடங்களோடு பெண்கள். நான் நினைத்து வந்தது ஒரு முரட்டு மனிதரை. பண்ணாடி அப்படி இல்லை. மெதுவாகப் பேசினார், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டார்.

"நாங்க அடிக்கலீங்க, வையலீங்க. தண்ணி எங்களுதுங்க. மரியாதை தெரியாதவனுக்கு ஊத்தணும்னு ஏதாச்சும் சட்டம் இருக்குதுங்களா?"

"அந்தக் குரல் அவருடையது இல்லீங்க. சென்னையில் வேறு ஒருத்தரை வைத்துப் பேசவைத்துவிட்டார்கள். நான் எழுதியது அப்படி இல்லீங்க. எழுதியதெல்லாம் 'ங்க' போட்டுத்தானுங்க. அவரும் அப்படித்தான் பேசினாருங்க."

"வாய் அவனுதுதானுங்களே?"

"வாய் அவருடையதுங்க. பேச்சு இல்லீங்க."

"சரீங்க" என்றார் பண்ணாடி. "நீங்க சொன்னா நம்பறனுங்க. அப்ப நீங்க எழுதுனது எப்படியோ, அப்படியே அவன் ஒருக்காச் சொல்லட்டும். இவங்கெல்லாங் கேக்கட்டும். அதோட உட்டர்லாமுங்க."

நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்தியிருந்தால் குழாய் திறந்திருக்காது. அந்தப் பெண்கள் காலிக் குடத்தோடு திரும்பிப் போயிருப்பார்கள், நான் மட்டும் தலை நிமிர்ந்து பஸ் ஏறியிருப்பேன். மறுபடி என்னை அதே நாற்காலியில் உட்காரவைத்தாலும் அன்று செய்ததைத்தான் செய்வேன். தலையை ஆட்டினேன். சரியான முடிவு எடுத்தால் மனம் ஆறிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

செங்கோடன் என்னை ஒரு முறை பார்த்தார். முன்னால் வந்தார். அவர் கை தோளுக்குப் போனது. இந்த முறை அங்கே துண்டு இருந்தது. எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, பண்ணாடியின் காலடிக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்தார்.

"தொட்டி காஞ்சு கெடக்குதுங்க, சாமி. கொழந்தைங்க நாக்கு வறண்டு போச்சுங்க. ஒரு முறைத் தண்ணி சேத்திக் குடுங்க. குடுத்தீங்கன்னா உங்க பேரைச் சொல்லிக் குடிப்பமுங்க."

ஒரு எழுத்து பிசகவில்லை. அங்கே முடித்திருக்கலாம். முதல் வாரத்து வசனம் அவ்வளவுதான். அவர் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"நாந்தானுங்க" என்றார். "தண்ணி உடுங்க, சாமி."

கடைசி வாரத்து வரி. எல்லாம் இழந்த ஒரு மனிதனுக்காக நான் எழுதி வைத்திருந்தது. அது அங்கே எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். பின்னால் நின்ற பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்பச் சரி" என்றார் பண்ணாடி. மோட்டார் போடச் சொல்லி ஆளனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, மனதாரச் சொன்னார்: "நல்லாத்தானுங்க எழுதியிருக்கறீங்க. இதையே போட்டிருக்கலாமுங்களே."

அந்த வசனத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அந்த வசனம் எழுதியபடி ஊர்க்காரர்கள் காதில் விழுந்ததும் அந்த ஒரு தடவைதான். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். குரல் ஏற்கெனவே வேறு ஆளுடையது. முகத்தையும் மூடிவிட்டால் யார் நடித்தால் என்ன என்று இயக்குநர் ஒரு தலைக்கவசம் செய்யச் சொன்னார். நிலையத்து அதிகாரி பார்த்துவிட்டு, பாத்திரம் நன்றாக வளர்ந்து வருகிறது என்று சொல்லியனுப்பினார்.

பஸ் நிறுத்தம் வரை செங்கோடன் என்னோடு நடந்து வந்தார். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் வெகுதூரம் கேட்டது. பழகிய நாள் முதல் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். அந்த ஊரில் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் அவருக்கு 'ங்க' போட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். பஸ் வரும் தூசி தெரிந்தது.

"நாளைக்கு ஷூட்டிங்குக்கு வந்திருங்க" என்றேன்.

அவர் துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். முகத்துக்கு நேராக என்னைப் பார்த்தார்.

"வரல" என்றார்.

பஸ் வந்து நின்றது. நான் ஏறாமல், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு 'ங்க' வருமா என்று நின்றுகொண்டிருந்தேன். வரவில்லை.